ஜன்னல் திறக்காத பேருந்து

பணிமனையில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இருபத்து மூன்று வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள், ஒருநாளும் மஞ்சள் விளக்கில் விரட்டியதில்லை. ஒரு நிறுத்தத்தையும் தாண்டிப் போனதில்லை. மாலையில் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது சக்கரம் வெள்ளைக்கோட்டை ஒரு விரற்கடை மிதித்திருந்தாலும், திரும்ப எடுத்து நேராக விட்டுவிட்டுத்தான் இறங்குவாள். மற்ற ஓட்டுநர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் சுற்றறிக்கைகளை அவள் நின்று நிதானமாகப் படித்து, எழுத்துப்பிழை இருந்தால் அதையும் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் பேனாவை எடுப்பாள்.

"உங்களுக்கு டிரைவர் வேலை கொடுத்ததே தப்புக்கா. நீதிபதியா போட்டிருக்கணும்" என்பான் அதே தடத்தில் ஓட்டும் ரேடியோ. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

ஏழாம் எண் தடத்துக்கு எட்டு மின்சாரப் பேருந்துகள் வந்தபோது, முதல் வண்டியை யார் ஓட்டுவது என்று பணிமனை மேலாளர் யோசிக்கவே இல்லை. பதிவேட்டில் ஒரு கரும்புள்ளிகூட இல்லாத ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

ஏழாம் எண் தடம் மற்றவை மாதிரி அல்ல. நகரத்தின் நடுப்பகுதிக்குள் வெளிக் கார்கள் வரக்கூடாது என்று சட்டம் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. வெளியூரிலிருந்தும் புறநகரிலிருந்தும் வருகிறவர்கள் நெடுஞ்சாலை இறங்கும் இடத்தில் இருக்கும் பெரிய நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து ஏழாம் எண்ணில் ஏறி ஆஸ்பத்திரிக்கோ, நீதிமன்றத்துக்கோ, கடைத்தெருவுக்கோ போக வேண்டும். வேறு வழி கிடையாது. ஆயிரம் கார் நிற்கும் தார் மைதானம் அது. நிழலுக்கு மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை.

திறப்பு நாளன்று நாடா வெட்டினார்கள், கை தட்டினார்கள். திட்ட அலுவலர் ஒலிபெருக்கியில் புகையில்லை, சத்தமில்லை, நகரத்தின் நுரையீரல் என்று என்னென்னவோ பேசினார். சட்டாம்பிள்ளை காதில் அதெல்லாம் விழவில்லை. அவள் இருக்கையில் உட்கார்ந்து, கால் வைத்ததும் வண்டி எண்ணெயில் வழுக்குவது மாதிரி நகர்ந்ததை ரசித்துக்கொண்டிருந்தாள். பழைய டீசல் வண்டி இருபது வருடமாக அவள் முதுகெலும்பைக் குலுக்கி எடுத்திருந்தது. அன்று மாலை வீட்டில் முதுகுக்குத் தைலம் கேட்கவில்லை என்பதைக் கணவர்தான் முதலில் கவனித்தார்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "பரவாயில்ல, நீயும் என் கட்சிக்கு வந்துட்டே" என்றார். "இனி ரெண்டு பேர் பொழைப்பும் கரண்டுலதான்."

"வண்டின்னா இதுதாங்க வண்டி" என்றாள் அவள். புது மருமகளைப் பற்றிப் பேசுகிற பூரிப்பு குரலில் இருந்தது.

பயிற்சியின்போது கொடுத்த கையேடு தலையணை கனம் இருந்தது. ரேடியோ அதைத் தன் வீட்டு மேசையின் ஆடும் காலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டான். அவள் மட்டும் தினம் கொஞ்சமாக, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, கடைசி அட்டை வரை படித்து முடித்தாள்.

முதல் இரண்டு மாதம் சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு வெயில் வந்தது.

வந்தது என்றால், கதவைத் தட்டிவிட்டு வரவில்லை, உடைத்துக்கொண்டு வந்தது. காலை பத்து மணிக்கே நிறுத்துமிடத்துத் தார் செருப்போடு ஒட்டியது. பேருந்தின் ஏசி மூச்சுப் பிடித்து ஓடியது. அது ஓட ஓட பேட்டரி இறங்கியது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பணிமனையில்தான் சார்ஜர்கள் இருந்தன. நிறுத்துமிடத்திலும் பேருந்துகளுக்கென்று சார்ஜர் வைப்பதாகத் திட்டத்தில் இருந்தது. அது அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, நாலு மணி சுமாருக்கு, ரேடியோவின் வண்டி மேம்பாலத்தின் உச்சியில் உயிரை விட்டது. நாற்பது பேர் இறங்கி வெயிலில் வரிசையாக நடந்து போன படம் மறுநாள் எல்லாக் கைபேசியிலும் சுற்றியது. புதன்கிழமை காலை சுற்றறிக்கை வந்துவிட்டது. பதினொரு மணி முதல் நான்கு மணி வரை பயணிகள் பகுதியில் ஏசியை இயக்கக் கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.

சட்டாம்பிள்ளை அதை இரண்டு முறை படித்தாள்.

"சார், பழைய வண்டியில ஜன்னலைத் திறக்கலாம். இதுல கண்ணாடியை ஒட்டி வச்சிருக்கான். ஏசியும் இல்ல, ஜன்னலும் இல்லைன்னா காத்து எந்த வழியா வரும்?"

மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மேலிடத்துக்கும் ஓட்டுநர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்காக இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மனிதர். "நான் சொல்லிட்டேன்மா. ரெண்டு மாசந்தானே, சமாளிக்கச் சொல்றாங்க. நீயே இப்படிக் கேட்டா மத்தவங்களை நான் எப்படிக் கட்டி மேய்க்கிறது?"

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டாள் என்றால் போட்டதுதான். அன்றைக்கே பதினொரு மணி அடித்ததும் பட்டனை அணைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. பன்னிரண்டு இருபது நடைக்கு, வழக்கம்போலக் கண்ணாடிக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஏறினார்கள். ஒருகாலத்தில் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போவார். மனைவி காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துமிடத்தில் விடுவாள்; பிறகு பேருந்து. அவர் கையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் இருக்கும். அதன் பாதியில் பேனாவால் ஒரு கோடு. ஒருநாளைக்கு அவர் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னது அந்தக் கோடு வரைதான்.

"என்னம்மா, இன்னிக்கு அடுப்புக்குள்ள ஏறின மாதிரி இருக்கு?" என்றார் ஏறும்போதே.

"மேலிடத்து உத்தரவுங்க" என்றாள் அவள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நீண்ட சாலையில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். வண்டிகள் நத்தையாக ஊர்ந்து, பிறகு ஊர்வதையும் நிறுத்திக்கொண்டன. நாற்பத்தாறு பேர். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்தது. வெளியே போகத்தான் வழி தெரியாமல் நின்றது. அவளுக்கு முன்னால் இருந்த திரையில் உள் வெப்பம் முப்பத்தெட்டு என்று காட்டியது. ஐந்து நிமிடத்தில் முப்பத்தொன்பது. பின்னால் ஒரு குழந்தை அழுதது, பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் சிணுங்கியது. "டிரைவரம்மா, கதவையாவது திறங்க" என்று யாரோ கத்தினார்கள். நடுச்சாலையில் கதவைத் திறக்கக் கூடாது, அதுவும் விதிதான். நாற்பத்தொன்று.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் முன் இருக்கையின் கம்பியில் நெற்றியைச் சாய்த்தபடி அப்படியே ஒருபக்கமாகச் சரிந்திருந்தார். நாலைந்து பேர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். மனைவி இரண்டு கையாலும் தடுத்தாள். "தண்ணி கொடுக்காதீங்க! அவருக்கு ஆகாது! ஐயோ, காத்து வேணும், காத்து!"

சட்டாம்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. கை ஓடியது. ஏசியை முழுவேகத்தில் போட்டாள், இரண்டு கதவையும் திறந்தாள், கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி வேண்டும் என்றாள். முன்னால் நின்ற கார்க்காரர்களிடம் இரண்டு இளைஞர்கள் இறங்கி ஓடிக் கெஞ்சினார்கள். வழி கிடைத்தது. பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியில் உட்காரவைக்கும்போதே அவர் கண் திறந்துவிட்டார். ஆனால் அவர் மனைவி படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று சட்டாம்பிள்ளை எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒரு பட்டன்தானேம்மா?" என்றாள் அவள். அவ்வளவுதான். கணவனுக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

அன்று மாலை வீட்டில் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. கணவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நடந்ததை முழுவதும் கேட்டார்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேங்க. போட்டதுக்குக் கட்டுப்பட்டுத்தான் அணைச்சு வச்சேன்."

"சரி. ஒண்ணு கேக்கறேன். லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா, மேனேஜர்கிட்ட எழுதிக் கேட்டு, பதில் வந்தப்புறமா நான் கதவைத் திறக்கறேன்?"

"அது வேற."

"என்ன வேற? அதுவும் கதவு மூடின பெட்டி, இதுவும் கதவு மூடின பெட்டி. என்னது மேல கீழ போகுது, உன்னது முன்ன பின்ன போகுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய்க் கையேட்டை எடுத்து வந்தாள். எங்கோ படித்த ஞாபகம். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில், பென்சில் கோட்டுக்கு மேலே அது இருந்தது: மின்கல அளவு போதாத நிலையில், இதே வகை இணைப்பான் கொண்ட எந்த வேகச் சார்ஜரிலும் வண்டியை இணைக்கலாம். அவள் அந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். பிறகு ஆறிப்போன சாப்பாட்டை உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டாள்.

நிறுத்துமிடத்தின் நுழைவாயிலை ஒட்டி இரண்டு வேகச் சார்ஜர்கள் இருந்தன. மேலே ஒரு பலகை: 'துறை அதிகாரிகளின் வாகனங்களுக்கு மட்டும்.' துறை அதிகாரிகள் நகருக்குள்ளேயே கார் கொண்டுபோகச் சிறப்பு அனுமதி பெற்றவர்கள். அவர்கள் எதற்காக இங்கே வந்து வெயிலில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை பதினொரு மணி ஐந்து நிமிடத்துக்குக் கட்டுப்பாட்டு அறையில் அவள் குரல் கேட்டது.

"ஏழாம் நம்பர், முதல் வண்டி. பயணிகள் பகுதியில ஏசி ஓடுது. குறிச்சுக்குங்க."

"அக்கா, தெரியாம அமுக்கிட்டீங்களா?"

"இல்ல. தெரிஞ்சேதான் அமுக்கினேன். அதையும் சேத்துக் குறிச்சுக்குங்க."

பிற்பகல் நடை முடிந்து நிறுத்துமிடத்துக்குத் திரும்பியபோது பேட்டரி முப்பத்தொரு சதவீதம். மாலை ஆறு வரை ஓட்ட அது போதாது. அடுத்த நடைக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அவள் நேராகப் போய்ப் பலகைக்குக் கீழே, இரண்டு கார் நிற்கும் இடத்தில் வண்டியின் மூக்கை நுழைத்தாள். வால் நாலு கார் தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காவலாளி ஊதல் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "அம்மா! அம்மா! போர்டைப் பாக்கலையா?"

"பாத்தேண்ணா. அதிகாரிங்க வண்டிக்கு மட்டும்னு இருக்கு. கடைசியா எந்த அதிகாரி வந்தாரு?"

அவர் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். "திறப்பு விழா அன்னிக்கு ஒருத்தர் வந்தாரு. சார்ஜ் போடல. போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

சட்டாம்பிள்ளை சார்ஜரின் கைப்பிடியை எடுத்தாள். அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். வண்டியில் பொருத்தினாள், பிறந்ததிலிருந்து ஒன்றாகவே இருந்த மாதிரி பொருந்தியது. பணிமனையில் தேய்க்கும் அட்டையைத் தேய்த்தாள். ஒரே துறை, ஒரே அட்டை. பச்சை விளக்கு எரிந்தது.

காவலாளி பச்சை விளக்கைப் பார்த்தார், உள்ளே குளிரில் ஏறி உட்காரத் தொடங்கியிருந்த பயணிகளைப் பார்த்தார், தன் சட்டை முதுகில் ஒட்டியிருந்த வேர்வையையும் நினைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. போய் ஆரஞ்சுக் கூம்புகள் நாலு எடுத்துவந்து வண்டியின் வாலைச் சுற்றி வைத்தார். "வேற வண்டி வந்து இடிச்சிடக் கூடாதில்ல" என்றார்.

பதினெட்டு நிமிடத்தில் ஏழு புள்ளி ஏறியது. அடுத்த நடையிலும் போட்டாள், அதற்கடுத்த நடையிலும். மாலை ஆறு மணிக்குப் பணிமனைக்குள் நுழையும்போது பேட்டரியில் இன்னும் இருபத்திரண்டு மிச்சம், ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மேலாளர் வாசலிலேயே நின்றார். "என்னம்மா இது, நீயா இப்படி? என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே."

"சார், வண்டி நிக்கல. ஆளும் மயங்கி விழல. எதைத் தப்புன்னு சொல்றீங்க?"

"தப்பு ரைட்டு பேசறதுக்கு நான் யாரு? மேல கேப்பாங்களே."

"கேக்கட்டும். எனக்கும் அவங்ககிட்டக் கேக்க வேண்டியது இருக்கு."

சனிக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் வந்தார், ஒரு சுற்று இளைத்து. படியேறியதும் குளிர் முகத்தில் பட, நின்றுவிட்டார். அவர் மனைவி சட்டாம்பிள்ளையைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து அந்த அம்மாள் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை ரேடியோவும் சேர்ந்துகொண்டான். "எனக்குப் பாலத்து மேல நின்னு பழக்கமாயிடுச்சு. இருந்தாலும் இன்னொரு தடவை என் மூஞ்சி ஊரெல்லாம் சுத்தினா பொண்டாட்டி வீட்டுக்குள்ள விட மாட்டா" என்றான். இரண்டு சார்ஜருக்கும் இரண்டு மூக்கு.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குத் திட்ட அலுவலரின் கார் வந்து நின்றது. பின் இருக்கையில் மேலாளர், முகம் சுண்டிப்போய்.

திட்ட அலுவலர் கெட்ட மனிதர் அல்ல. நாற்பது வயது, இந்த எட்டுப் பேருந்துகளுக்காக நாலு வருடம் வாசல் வாசலாக ஏறி இறங்கியவர். அதனால்தானோ என்னவோ, குரலில் கோபத்தை விட வேதனை அதிகமாக இருந்தது.

"உங்களைத்தானே நம்பி முதல் வண்டியைக் கொடுத்தோம்?"

"அந்த நம்பிக்கையைக் காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

"பேட்டரி தாங்கலைன்னு மேல போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்த வண்டிகளையே திருப்பி அனுப்பிடுவாங்க. பழைய டீசல் வண்டிதான் வரும். அதுவா வேணும்? ரெண்டு மாசம் பொறுத்துக்கக் கூடாதா?"

"எனக்கு இந்த வண்டிதான் சார் வேணும். என் முதுகைக் கேளுங்க, அது சொல்லும். ஆனா நாற்பத்தொரு டிகிரியில ஜனங்களை வேக வச்சுக் கொண்டு போனா, இந்த வண்டியை மேலிடம் திருப்பி அனுப்ப வேண்டாம், ஜனங்களே அனுப்பிடுவாங்க. உங்க வண்டியைக் காப்பாத்தறது நான்தான்."

கண்ணாடிக்குப் பின்னால் பயணிகள் அத்தனை பேரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஏசியை அணைச்சிட்டு, சார்ஜரைக் கழட்டிட்டு வண்டியை எடுங்க. இது உத்தரவு."

"ஏறி உட்காருங்க சார். ஆஸ்பத்திரி வரைக்கும் நாற்பது நிமிஷம். ஏசி இல்லாம ஒரு நடை வாங்க. அங்க இறங்கி, சரியாத்தான் இருக்குன்னு நீங்க சொன்னா நான் அணைச்சிடறேன்."

"எனக்கு வேற வேலை இருக்கு."

"உள்ள இருக்கறவங்களுக்கும் வேற வேலை இருக்கு சார். அதுக்குத்தான் போறாங்க."

அவர் முகம் சிவந்தது. "நீங்க இந்த நிமிஷத்துலேருந்து சஸ்பெண்ட். இறங்கிடுங்க."

இருபத்து மூன்று வருடத்தில் அந்த வார்த்தையைச் சட்டாம்பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். சார்ஜரைக் கழற்றி, கேபிளை ஒழுங்காகச் சுருட்டி மாட்டினாள். தன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். அட்டையை மேலாளரிடம் கொடுத்தாள். ஏசி பட்டனை மட்டும் தொடவில்லை.

"நீ எடு" என்றார் திட்ட அலுவலர் ரேடியோவிடம். "ஏசி இல்லாம."

ரேடியோ இடுப்பில் கை வைத்தான். "சார், இப்பத்தான் சுளுக்குப் பிடிச்சுது. குனியவே முடியல."

அடுத்த வண்டியோடு அப்போதுதான் வந்து சேர்ந்த மூன்றாவது ஓட்டுநரைப் பார்த்தார். அந்த ஆளுக்கும் உடனே தலைசுற்றல் வந்துவிட்டது. மேலாளரைப் பார்த்தார். "நான் வண்டி தொட்டு எட்டு வருஷம் ஆச்சு சார்" என்றார் மேலாளர், வானத்தைப் பார்த்தபடி.

பேருந்துக்குள்ளிருந்து கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி இறங்கி வந்தாள். "ஐயா, இன்னிக்கு என் வீட்டுக்காரருக்கு ஒண்ணரை மணிக்கு நேரம் கொடுத்திருக்காங்க. அதை விட்டா இன்னிக்கு அவருக்கு வேற நேரம் கிடையாது. போன வாரம் இதே வண்டியில ஏசி இல்லாமத்தான் அவர் சரிஞ்சு விழுந்தாரு. இன்னொரு தடவை விழுந்தா உங்க பேரைச் சொல்லித்தான் அழுவேன். பேரை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

அவள் கத்தவில்லை. அதுதான் அங்கே எல்லோரையும் உறைய வைத்தது.

மணி பன்னிரண்டு நாற்பது. இருபது நிமிடத் தாமதம். அத்தனை பேரும் அசையாமல் நின்றால் வெற்றி யாருக்கோ, போவது கண்ணாடிக்கடைக்காரரின் நேரம். சட்டாம்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. ரேடியோவின் தோளைத் தட்டினாள்.

"தம்பி, உன் சுளுக்கு சரியாயிடுச்சு. ஏறு. ஏசி ஓடட்டும். ஆஸ்பத்திரியில அவரை இறக்கிவிட்டுட்டு மத்ததைப் பேசு."

ரேடியோ திட்ட அலுவலரின் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தான். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் ஆள் வேண்டும். வேலையில்லாத சட்டாம்பிள்ளை கூம்புகளை விலக்கிவிட்டு, நடுத்தாரில் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி வண்டியை வாங்கினாள். வா, வா, ஒடி, நேரா, போ. பேருந்து போய்விட்டது. திட்ட அலுவலர் நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய சட்டை வேர்வையில் முழுவதும் நனைந்திருந்தது.

விசாரணைக்குக் கூப்பிடும் வரை ஒன்பது நாள் வீட்டில் இருந்தாள். அலமாரிகளை எல்லாம் கவிழ்த்து அடுக்கினாள். அடுக்கியதைத் திரும்பக் கவிழ்த்தாள். கணவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரமாக வரும். "பயமா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். "இருக்கு" என்றாள். "வேலை போயிட்டா என்ன பண்றதுன்னு இருக்கு. ஆனா திரும்ப அந்த இடத்துல நிறுத்தினா திரும்பவும் அதையேதான் செய்வேன்னும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கு."

ரேடியோ தினமும் சேதி கொண்டுவந்தான். சுற்றறிக்கையை யாரும் திரும்பப் பெறவில்லை. யாரும் மதிக்கவும் இல்லை. எட்டு வண்டியும் முறை வைத்துக்கொண்டு அந்த இரண்டு சார்ஜரில் போடுகின்றன. காவலாளி முறை கலையாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறார். பயணிகள் இருநூற்றுப் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். அதை வீடு வீடாக, கார் காராக வாங்கியது கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி.

பத்தாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்தின் ஐந்தாம் மாடி, நீள மேசை, மூன்று பேர். திட்ட அலுவலர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையின் குளிரில் அவளுக்குக் கை சிலிர்த்தது.

"சுற்றறிக்கையைப் படிச்சீங்களா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"ரெண்டு தடவை."

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சார், இந்த ரூம்ல எத்தனை டிகிரி இருக்கு?"

ஒருவர் சுவரில் இருந்த ஏசி பெட்டியைப் பார்த்தார். "இருபத்திரண்டு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தச் சுற்றறிக்கையை எழுதின ரூம்லயும் இருபத்திரண்டுதான் இருந்திருக்கும். எங்க வண்டியில நாற்பத்தொண்ணு. அதான் சம்பந்தம்." கையேட்டை எடுத்து நூற்று எண்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். "நீங்க கொடுத்த புத்தகம். இதுல இருக்கறதைத்தான் செஞ்சேன். ஏசியோட ஓடி, பதினெட்டு நிமிஷம் நின்னு, ஆறு மணிக்கு இருபத்திரண்டு மிச்சம் வச்சு வண்டியைக் கொண்டாந்து விட்டேன். பேட்டரி தாங்காதுன்னு யார் சொன்னது? தாங்கும். நீங்க சார்ஜரை எங்க வச்சீங்க, யாருக்கு வச்சீங்கங்கறதுதான் தாங்கல."

நடுவில் இருந்தவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் படித்தார். பிறகு திட்ட அலுவலரைப் பார்த்து, "இது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

திட்ட அலுவலர் எழுந்தார். தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "தெரியும் சார்" என்றார். "அந்த ரெண்டு சார்ஜரை பஸ்ஸுக்குக் கேட்டு ஆறு மாசம் முன்னாடி நானே எழுதினேன். முடியாதுன்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் நான் கேக்கல." சட்டாம்பிள்ளையைக் காட்டி, "அவங்க கேக்கவே இல்ல. நேரா சார்ஜரை மாட்டிட்டாங்க" என்றார்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. சுற்றறிக்கை ரத்து. இரண்டு சார்ஜர்களும் பேருந்துகளுக்கு. இன்னும் நான்கு அந்த வெயில் காலத்துக்குள்ளேயே வைக்கப்படும். ஓட்டுநர் மீண்டும் பணியில் சேரலாம். ஆனால் உத்தரவை மீறியது மீறியதுதான் என்று பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு எழுதப்படும். வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் குறிப்பை நீக்குவது பற்றிப் பரிசீலிக்கலாம்.

வேலைக்குத் திரும்பிய காலை, மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கடிதத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். நல்ல மனசோடுதான் செய்திருந்தார்.

"ஒண்ணும் யோசிக்காதே. கீழ ஒரு கையெழுத்து. உன் பதிவேடு திரும்பப் பளிச்சுன்னு ஆயிடும். இருபத்து மூணு வருஷம்மா, சும்மாவா?"

சட்டாம்பிள்ளை கடிதத்தை எடுத்தாள். ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"சார், இதுல ஒரு பிழை இருக்கு."

"எங்க? நான் ரெண்டு தடவை பாத்தேனே."

"மூணாவது வரி. 'தவறுதலாக ஏசியை இயக்கிவிட்டேன்'னு இருக்கு." மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். 'தவறுதலாக' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குண்டு குண்டான எழுத்தில், 'தெரிந்தே' என்று எழுதினாள். கடைசி வரியில் 'வருந்துகிறேன்' என்று இருந்தது. அதையும் அடித்தாள். அதற்கு மேல் எழுத ஒன்றும் தோன்றாததால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, அவர் பக்கம் நகர்த்தினாள்.

மேலாளர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படிக் கொடுத்தா குறிப்பு போகாதும்மா. கடைசி வரைக்கும் இருக்கும்."

"இருக்கட்டும் சார்" என்றாள் அவள் எழுந்துகொண்டே. "நான் செஞ்சதுதானே. என் பேர்லயே இருக்கட்டும்."

வெளியே ரேடியோ வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே என்ன நடந்தது என்று கேட்பதற்குள் அவள் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, கண்ணாடிகளைச் சரிசெய்து, கால் வைத்துவிட்டாள். மணி பத்து இருபத்தைந்து. நிறுத்துமிடத்தில் பதினொரு மணி நடைக்கு ஆட்கள் வந்து நின்றிருப்பார்கள்.